லெ மான் 1955: 84 உயிர்களும் ஒரு குறுகிய சாலையும்

மோட்டார் பந்தய வரலாற்றிலேயே ஆக மோசமான விபத்து எது என்று கேட்டால் ரசிகர்கள் யோசிக்காமல் சொல்லும் பதில் ஒன்றுதான்: 1955 லெ மான். அந்த ஆண்டு ஜூன் 11ஆம் தேதி சனிக்கிழமை மாலை, பிரான்சின் லெ மான் நகரத்தில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில், ஒரு மெர்சிடிஸ் கார் பார்வையாளர் கூட்டத்தின் மேல் சிதறி விழுந்தது. இறந்தவர்களின் எண்ணிக்கை நூலுக்கு நூல் சற்று மாறும். ஓட்டுநரையும் சேர்த்து 84 பேர் என்பதே பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. காயமடைந்தவர்கள் நூற்றுக்கும் மேல்.

அன்றிலிருந்து இன்றுவரை இதைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். தப்பு யார் மேல்? விபத்தில் சம்பந்தப்பட்ட மூன்று ஓட்டுநர்களில் ஹாத்தோர்ன் மேலா, மேக்ளின் மேலா, லெவெக் மேலா? மூன்று பேருக்காகவும் வாதாட ஆள் இருக்கிறது. எனக்கு அந்த வாதத்தில் பெரிய நம்பிக்கை இல்லை. மூன்று ஓட்டுநர்களும் ஒரு நொடிக்குள் எடுத்த முடிவுகளை எழுபது வருடமாக அலசுகிறோம். ஆனால் அந்தச் சாலையை அப்படியே வைத்திருந்தவர்களுக்கு யோசிக்க வருடக்கணக்கில் நேரம் இருந்தது.

முதலில் பந்தயத்தைப் பார்ப்போம். லெ மான் 24 மணி நேரப் பந்தயம் 1923இல் தொடங்கியது. ஊருக்கு வெளியே, மற்ற நாட்களில் லாரியும் டிராக்டரும் போகும் பொதுச் சாலைகளை அடைத்து நடத்துவார்கள். 1955இல் ஒரு சுற்றின் நீளம் 13.492 கிலோமீட்டர். ஒரு காருக்கு இரண்டு ஓட்டுநர்கள், மாற்றி மாற்றி ஒரு பகல் ஒரு இரவு ஓட்ட வேண்டும். பெரிய என்ஜின் கார்களும் சின்னஞ்சிறு கார்களும் ஒரே பாதையில் ஒரே நேரத்தில் ஓடும். அதனால் வேகமான காரும் மெதுவான காரும் ஒன்றையொன்று தாண்டிக்கொண்டே இருப்பதுதான் அங்கே வாடிக்கை.

அந்த ஆண்டு எதிர்பார்ப்பு மிக அதிகம். மெர்சிடிஸ் தன் 300 எஸ்எல்ஆர் கார்கள் மூன்றைக் கொண்டு வந்திருந்தது. அதே வகைக் காரில்தான் ஸ்டிர்லிங் மாஸ் ஆறு வாரங்களுக்கு முன் இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்தை 10 மணி 7 நிமிடத்தில் முடித்து வென்றிருந்தார். லெ மானில் அவரோடு காரைப் பகிர்ந்துகொண்டவர் ஹுவான் மனுவேல் ஃபாஞ்சியோ. அன்றைய உலகின் தலைசிறந்த ஓட்டுநர் அவர்தான் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எதிரில் பிரிட்டனின் ஜாகுவார் டி-டைப், அதில் மைக் ஹாத்தோர்ன். இத்தாலியிலிருந்து ஃபெராரி. போர் முடிந்து பத்தே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஜெர்மன் கார், பிரிட்டிஷ் கார், பிரெஞ்சு மண். இரண்டரை லட்சத்துக்கும் மேல் கூட்டம் வந்திருந்தது.

மெர்சிடிஸின் மூன்று கார்களில் ஒன்றை பியேர் லெவெக்கிடம் கொடுத்திருந்தார் அணியின் மேலாளர் ஆல்ஃபிரெட் நொய்பாவர். லெவெக் பாரிஸ்காரர், வயது 49. இயற்பெயர் பியேர் பூயான். பழைய காலத்துப் பந்தய ஓட்டுநரான தன் உறவினரின் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டவர். 1952இல் இதே லெ மானில் டால்போ காரை வேறு யாரிடமும் கொடுக்காமல் தனியாளாக 23 மணி நேரத்துக்கு அருகில் ஓட்டினார். முதலிடத்தில் இருந்தபோது, முடிய ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் இருக்கையில் என்ஜின் கைவிட்டது. அன்று வென்றது மெர்சிடிஸ். அந்த மனிதரை மூன்று ஆண்டு கழித்து மெர்சிடிஸே அழைத்ததற்குக் காரணம் அவர் மேல் இருந்த மரியாதை மட்டுமல்ல. பிரெஞ்சுக் கூட்டத்துக்கு முன்னால் ஜெர்மன் காரில் ஒரு பிரெஞ்சுக்காரர் இருப்பது நல்லது என்ற கணக்கும் அதில் இருந்தது.

அவரோடு காரைப் பகிர்ந்துகொள்ள வந்தவர் அமெரிக்கர் ஜான் ஃபிட்ச். பந்தயத்துக்கு முன்பே லெவெக் ஒரு விஷயத்தைச் சொல்லி வருத்தப்பட்டதாக ஃபிட்ச் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். கார்கள் பெட்ரோல் போடவும் ஓட்டுநர் மாறவும் நிற்கும் பிட் பகுதிக்கு முன்னால் சாலை மிகக் குறுகலாக இருக்கிறது, இந்த வேகத்துக்கு இது போதாது என்பதுதான் அந்த வருத்தம்.

அந்த இடம் எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மேசோன் பிளான்ஷ் என்ற வளைவுப் பகுதியைக் கடந்து கார்கள் முழு வேகத்தில் பிட் நேர்ப்பாதைக்கு வரும். பிட்டுக்குச் சற்று முன்னால் சாலை லேசாக வலப்பக்கம் ஒடியும். வலது கையோரம் பிட் வரிசை. இன்று எந்தப் பந்தயப் பாதையிலும் பிட்டுக்குள் போகத் தனிப் பாதை இருக்கும், நடுவில் சுவர் இருக்கும். அன்று லெ மானில் சுவரும் இல்லை, தனிப் பாதையும் இல்லை. பெட்ரோல் போட வரும் கார், ஓடும் சாலையிலேயே வலப்பக்கம் ஒதுங்கி, பிரேக் போட்டு, தன் அணியின் மேசைக்கு முன்னால் நிற்கும். அதே சாலையின் இடது பாதியில் மற்ற கார்கள் 240 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அந்த இடது ஓரத்தில் ஆள் உயரம்கூட இல்லாத ஒரு மண்மேடு. அதற்குப் பின்னால் மக்கள், நெருக்கியடித்துக்கொண்டு. பின்வரிசையில் இருந்தவர்கள் தெரியவில்லை என்று ஏணிகள் மேலும் பெட்டிகள் மேலும் ஏறி நின்றார்கள்.

1923இல் இந்தப் பந்தயத்தை வென்ற கார் 24 மணி நேரத்தில் ஓடியது சுமார் 2,209 கிலோமீட்டர். சராசரி வேகம் மணிக்கு 92. 1955இல் ஹாத்தோர்ன் ஒரு சுற்றை 4 நிமிடம் 6.6 நொடியில் முடித்தார், சராசரி 196க்கும் மேல். வேகம் இரண்டு மடங்குக்கும் மேலாகிவிட்டது. பார்வையாளருக்கும் காருக்கும் நடுவில் நின்ற பாதுகாப்போ அந்த மண்மேடுதான். எனக்கு இந்த விபத்தின் கதை கார் மோதிய மாலை 6.26க்குத் தொடங்கவில்லை. இங்கேதான் தொடங்குகிறது.

சரி, அன்று மாலைக்கு வருவோம். நான்கு மணிக்கு 60 கார்கள் கிளம்பின. ஓட்டுநர்கள் சாலையின் குறுக்கே ஓடிவந்து காரில் குதித்து ஏறும் பழைய முறை. ஃபாஞ்சியோவின் கால்சட்டைக்குள் கியர் கம்பி மாட்டிக்கொண்டதில் அவர் தாமதமாகத்தான் புறப்பட முடிந்தது. முதல் ஒரு மணி நேரம் ஃபெராரியின் காஸ்டெல்லொட்டி முன்னால் போனார். அப்புறம் ஹாத்தோர்னும் ஃபாஞ்சியோவும் அவரைப் பிடித்து, சுற்றுக்குச் சுற்று சாதனையை முறியடித்துக்கொண்டு போனார்கள். இருபத்து நான்கு மணி நேரம் ஓட வேண்டிய பந்தயத்தை இரண்டு மணி நேரப் பந்தயம் போல ஓட்டினார்கள். அதைப் பார்த்தவர்கள் அன்று கிடைத்தது வாழ்நாளில் ஒருமுறை காணக்கூடிய போட்டி என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அதில் பொய் இல்லை.

35ஆவது சுற்றின் முடிவு. ஹாத்தோர்னுக்கு பிட்டுக்கு வரும்படி ஏற்கெனவே சைகை கொடுத்தாகிவிட்டது. சற்று முன்புதான் அவர் லெவெக்கை ஒரு சுற்று முந்தியிருந்தார். லெவெக்குக்குப் பின்னால் ஃபாஞ்சியோ நெருங்கிக்கொண்டிருந்தார். ஹாத்தோர்னுக்கு முன்னால், பல சுற்றுகள் பின்தங்கிய லான்ஸ் மேக்ளினின் ஆஸ்டின் ஹீலி. பிட் நேர்ப்பாதைக்கு வரும்போது ஹாத்தோர்ன் ஹீலியை இடப்பக்கமாகத் தாண்டினார், வலப்பக்கம் ஒதுங்கினார், பிரேக் போட்டார்.

இங்கே இயந்திர விஷயம் ஒன்று உண்டு. டி-டைப் ஜாகுவாரில் இருந்தவை டிஸ்க் பிரேக்குகள். விமானங்களிலிருந்து வந்த இந்த நுட்பத்தைக் கொண்டுதான் ஜாகுவார் 1953இல் லெ மானை வென்றது. மெர்சிடிஸில் இன்னும் டிரம் பிரேக்தான். அது போதாது என்று தெரிந்துதான், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் காரின் அகலத்துக்கு ஒரு உலோகப் பலகையை வைத்து, பிரேக் போடும்போது அது மேலே எழும்பிக் காற்றைத் தடுக்கும்படி செய்திருந்தார்கள். ஆக, ஒரே சாலையில், ஒன்றன்பின் ஒன்றாக, நிற்கும் திறனில் பெரிய வித்தியாசமுள்ள கார்கள்.

முன்னால் போன ஜாகுவார் திடீரென்று வேகம் குறைவதைப் பார்த்த மேக்ளின் பிரேக்கை மிதித்து, மோதாமல் இருக்க இடப்பக்கம் வளைத்தார். அந்த இடப்பக்கத்தில்தான் லெவெக் வந்துகொண்டிருந்தார். 240 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 66 மீட்டர். மெர்சிடிஸின் முன்சக்கரம் ஹீலியின் இடது பின்பகுதியில் ஏறியது. ஹீலியின் பின்பக்கம் சரிவாக இறங்கும் அமைப்பு. அந்தச் சரிவில் ஏறிக் கார் காற்றில் எழும்பியது, மண்மேட்டில் மோதியது, உடைந்தது. என்ஜின், முன் அச்சு, பானெட் மூன்றும் தனித்தனியாகப் பிய்ந்து கூட்டத்துக்குள் பாய்ந்தன. இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது இந்தப் பாகங்கள்தான். லெவெக் வெளியே தூக்கியெறியப்பட்டு அங்கேயே இறந்தார்.

மிச்சமிருந்த கார் மண்மேட்டின் மேல் எரிந்தது. எடை குறைப்பதற்காக அதன் உடலை மெக்னீசியக் கலவையில் செய்திருந்தார்கள். மெக்னீசியம் பற்றிக்கொண்டால் தண்ணீர் அதை அணைக்காது, இன்னும் தூண்டிவிடும். ஓடிவந்த ஆட்களுக்கு அது தெரியவில்லை, தண்ணீரை ஊற்றினார்கள். வெண்மையாகப் பொரிந்து எரிந்த அந்த நெருப்பு அடங்க மணிக்கணக்கில் ஆனது.

ஃபாஞ்சியோ மயிரிழையில் அந்த இடைவெளியில் புகுந்து வெளியே வந்தார். மோதுவதற்கு முந்தைய கணத்தில் லெவெக் கையைத் தூக்கித் தன்னை எச்சரித்தார், அதனால்தான் நான் பிழைத்தேன் என்று அவர் கடைசிவரை சொல்லிவந்தார். லெவெக்குக்கு அதற்கு நேரம் இருந்திருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த இடத்தில் இருந்தவர் ஃபாஞ்சியோ, அவர் சொன்னதை நான் நம்புகிறேன். மேக்ளினின் கார் சுழன்று போய் பிட் பக்கம் மோதி அங்கும் ஆட்களைக் காயப்படுத்தியது. மேக்ளின் பெரிய காயமின்றித் தப்பினார்.

ஹாத்தோர்ன் தன் பிட்டைத் தாண்டிப் போய்த்தான் நின்றார். அணி மேலாளர் லாஃப்டி இங்லண்ட் அவரை இன்னொரு சுற்றுப் போய்வரச் சொன்னார், அந்தக் குழப்பத்திலிருந்து விலகட்டும் என்று. திரும்பி வந்தபோது ஹாத்தோர்ன் நிலைகுலைந்து போயிருந்தார், இனி ஓட்டமாட்டேன் என்றார். அவருடைய இடத்தில் ஏற வேண்டியவர் ஐவர் ப்யூப். இங்கிலாந்தில் கார் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர், லெ மானுக்கு அதுதான் முதல் தடவை. எதிரே நெருப்பு எரிகிறது, மண்மேட்டில் ஸ்ட்ரெச்சர்கள் போகின்றன. அந்த மனிதர் காரில் ஏறி முதல் சுற்றை ஓட்டத் தொடங்கினார். இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத மனிதர் அவர்.

பந்தயத்தை நிறுத்தவில்லை. இதைக் கேட்கும் எவருக்கும் முதலில் கோபம்தான் வரும். இயக்குநராக இருந்தவர் சார்ல் ஃபரூ, எண்பது வயதைத் தாண்டியவர், இந்தப் பந்தயத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். அவர் தரப்பில் சொல்லப்பட்ட காரணம் இது: பந்தயம் நின்றால் இரண்டரை லட்சம் பேரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள், சுற்றிலும் இருப்பவை கிராமச் சாலைகள், அவை அடைபட்டால் ஆம்புலன்ஸ் மருத்துவமனைக்குப் போக வழி இருக்காது. இந்தக் காரணம் சரியானது என்றே நினைக்கிறேன். அன்று மாலை ஆறரை மணிக்கு வேறு நல்ல முடிவு இருந்ததாகத் தெரியவில்லை. பதின்மூன்றரை கிலோமீட்டர் சுற்றில் வேறு மூலைகளில் நின்றவர்களுக்கு என்ன நடந்தது என்றே வெகுநேரம் தெரியவில்லை. இரவில் கேளிக்கைத் திடலில் ராட்டினங்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

ஆனால் அந்தக் காரணம் இரவு வரைக்கும்தான் செல்லும். காயம்பட்ட கடைசி ஆளும் மருத்துவமனை போய்ச் சேர்ந்த பிறகு ஞாயிறு மாலை நான்கு மணி வரை ஓட்டியதற்கு அதைச் சொல்ல முடியாது. இந்த இரண்டு முடிவுகளையும் ஒன்றாகக் கட்டிப் பேசுவதால்தான் வாதம் எப்போதும் குழம்பிப்போகிறது.

மெர்சிடிஸ் அந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டது. விலகலாம் என்று ஃபிட்ச் வற்புறுத்தினார். பிரெஞ்சுப் பார்வையாளர்கள் இத்தனை பேர் இறந்த இடத்தில் ஜெர்மன் கார் வெற்றிக்கொடி நாட்டினால் மறுநாள் பத்திரிகைகள் என்ன எழுதும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஸ்டுட்கார்ட்டில் இருந்த இயக்குநர்களைத் தொலைபேசியில் பிடித்து, அவர்கள் கூடி முடிவெடுக்க நள்ளிரவாகிவிட்டது. கூட்டம் ஓரளவு கலைந்த பிறகு, அதிகாலை இரண்டு மணியை ஒட்டி, நொய்பாவர் மிஞ்சிய இரண்டு கார்களையும் உள்ளே அழைத்தார். அப்போது ஃபாஞ்சியோவும் மாஸும் இரண்டு சுற்றுகள் முன்னிலையில் இருந்தார்கள். விலகுவதால் யாருக்கும் உயிர் திரும்பிவரப் போவதில்லை, அதில் அர்த்தமில்லை என்பது மாஸின் கருத்து. முன்னணியில் இருந்தவருக்கு அப்படித் தோன்றியதைப் புரிந்துகொள்ள முடிகிறது. நான் ஃபிட்ச் பக்கம்தான்.

மெர்சிடிஸின் தலைமைப் பொறியாளர் ரூடால்ஃப் ஊலன்ஹாவுட் ஜாகுவார் பிட்டுக்குப் போய், நீங்களும் விலகுகிறீர்களா என்று கேட்டார். இங்லண்ட் மறுத்துவிட்டார். விலகினால் தன் ஓட்டுநர் குற்றத்தை ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும் என்ற அச்சம் அந்த மறுப்பில் இருந்திருக்கலாம். ஜாகுவாருக்கும் அந்த வாரம் இழவு வாரம்தான். நிறுவனர் வில்லியம் லயன்ஸின் ஒரே மகன் ஜான், லெ மானுக்கு வரும் வழியில் பிரான்சில் சாலை விபத்தில் இறந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மழையில், 4,135 கிலோமீட்டர் ஓடி, ஹாத்தோர்னும் ப்யூப்பும் வென்றார்கள். ஹாத்தோர்ன் சிரித்தபடி ஷாம்பெய்ன் பாட்டிலோடு இருக்கும் படம் வெளியானது. பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்று அதைப் போட்டு, உங்கள் நலத்துக்காகக் குடியுங்கள் என்ற தொனியில் குத்தலாகத் தலைப்பு வைத்தது. 26 வயதுப் பையனின் அந்த ஒரு கணத்துச் சிரிப்பு வாழ்நாள் முழுக்க அவரை விடவில்லை.

அரசு விசாரணை எந்த ஓட்டுநரையும் குற்றவாளி என்று சொல்லவில்லை. பாதையின் பாதுகாப்பு அந்த வேகத்துக்கு ஈடாக இல்லை என்பதே அதன் முடிவு. மெர்சிடிஸின் எரிபொருளில் ஏதோ வெடிபொருள் கலந்திருந்தது என்ற வதந்தியும் பொய்யென்று ஆனது. இருந்தாலும் ஓட்டுநர்களுக்குள் பகை தீரவில்லை. 1958இல் வந்த தன் சுயசரிதையில் ஹாத்தோர்ன் தன் மேல் பிழையில்லை என்று எழுத, பழி தன் பக்கம் திரும்புகிறது என்று மேக்ளின் அவதூறு வழக்குப் போட்டார். வழக்கு தீர்ப்புக்கு வரவில்லை. 1958இல் உலகச் சாம்பியன் ஆகி ஓய்வு பெற்ற ஹாத்தோர்ன், 1959 ஜனவரி 22 அன்று இங்கிலாந்தில் கில்ஃபோர்டு அருகே சாதாரணச் சாலையில் தன் ஜாகுவாரை வேகமாக ஓட்டிச் சென்று விபத்தில் இறந்தார். வயது 29.

விளைவுகள் பல நாடுகளுக்குப் பரவின. 1955இன் பிரெஞ்சு, ஜெர்மன், சுவிஸ், ஸ்பானிஷ் கிராண்ட் ப்ரீ பந்தயங்கள் ரத்தாயின. அந்த மே மாதத்தில்தான் நான்கு நாள் இடைவெளியில் பந்தய ஓட்டுநர்கள் ஆல்பெர்ட்டோ அஸ்காரி மொன்சாவிலும் பில் வுகோவிச் இண்டியானாபொலிஸிலும் இறந்திருந்தார்கள். இதெல்லாம் சேர்ந்து, அமெரிக்காவில் பந்தயங்களுக்கு அங்கீகாரம் வழங்கிவந்த அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கம் அந்த ஆண்டோடு கைகழுவியது. சுவிட்சர்லாந்து சுற்றுப்பாதைப் பந்தயத்தையே தடை செய்தது. 2018இல் சூரிக்கில் மின்சாரக் கார் பந்தயம் ஒன்றுக்கு விதிவிலக்கு தரும்வரை அங்கே அப்படி ஒரு பந்தயம் நடக்கவில்லை. மெர்சிடிஸ் ஆண்டு இறுதியில் பந்தயங்களிலிருந்து விலகியது. அது விபத்தால் மட்டும் எடுத்த முடிவு அல்ல, உலகப் பட்டங்களை வென்று முடித்திருந்த நிறுவனம் தன் பொறியாளர்களைச் சாலைக் கார்களுக்குத் திருப்ப விரும்பியது. ஆனால் திரும்பி வர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனதில் லெ மானுக்குப் பங்கு உண்டு.

லெ மானில் பழைய பிட்டுகளை இடித்தார்கள், சாலையை அகலப்படுத்தினார்கள், பார்வையாளர் பகுதியைப் பின்னுக்குத் தள்ளி உயர்த்தினார்கள். இந்த வேலைகளுக்காக 1956 பந்தயம் ஜூலை கடைசிக்குத் தள்ளிப்போனது. ஒரே ஆண்டுக்குள் செய்ய முடிந்த வேலை என்பதைக் கவனியுங்கள். அதை ஓர் ஆண்டு முன்னால் செய்திருக்க எந்தத் தடையும் இல்லை. அப்படியும் பிட்டுக்கும் பாதைக்கும் நடுவே நிரந்தரத் தடுப்பு வர மேலும் பல ஆண்டுகள் பிடித்தன.

மற்ற இடங்களில் அதுகூட நடக்கவில்லை. 1957 மே மாதம் மில்லே மிலியாவில் ஃபெராரி ஒன்றின் டயர் வெடித்து, ஓட்டுநர் போர்ட்டாகோ, உடன் சென்ற நெல்சன், சாலையோரம் நின்ற ஒன்பது பேர் இறந்தார்கள். அந்த ஒன்பதில் ஐந்து குழந்தைகள். 1961இல் மொன்சாவில் ஃபோன் டிரிப்ஸின் கார் கரையேறிப் பாய்ந்து 15 பார்வையாளர்கள் இறந்தார்கள். லெ மானில் 84 பேர் செத்து ஆறு ஆண்டு ஆகியும், வேகமாகப் போகும் காருக்குக் கைநீட்டும் தூரத்தில் மக்களை நிற்க வைத்திருந்தார்கள். ஓட்டுநர்களில் எவர் குற்றவாளி என்று பேசிக்கொண்டிருந்ததன் விலை இது என்பது என் எண்ணம். ஒரு ஆளைக் குற்றவாளி ஆக்கிவிட்டால் மற்ற சாலைகளைத் திருத்த வேண்டிய அவசரம் யாருக்கும் இருக்காது. மூன்று ஓட்டுநர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நூல்கள்கூட மண்மேட்டுக்குப் பின்னால் நின்றவர்களை ஒரு எண்ணாகத்தான் சொல்லிப் போகின்றன.

ஜான் ஃபிட்ச் மட்டும் வேறு வழியில் போனார். விபத்து நடந்தபோது அவர் பிட்டில் லெவெக்கின் மனைவியோடு நின்றுகொண்டிருந்தார், அடுத்து காரில் ஏற வேண்டியவர் அவர். பந்தயத்தை விட்ட பிறகு அவர் சாலைப் பாதுகாப்பில் இறங்கினார். இரண்டாம் உலகப் போரில் விமானியாக இருந்தபோது, குண்டுகளைத் தடுக்க எரிபொருள் டின்களில் மணல் நிரப்பிக் கூடாரத்தைச் சுற்றி அடுக்கியது அவருக்கு நினைவில் இருந்தது. அதிலிருந்து பிறந்தவைதான் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பாலத் தூண்களுக்கும் பிரிவுச் சாலைகளின் முனைகளுக்கும் முன்னால் வரிசையாக நிற்கும் மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பீப்பாய்கள். முன் வரிசைப் பீப்பாயில் மணல் குறைவாகவும் பின்னால் போகப் போக அதிகமாகவும் இருக்கும். மோதும் கார் ஒரே அடியில் நிற்காமல் படிப்படியாக வேகம் இழக்கும். ஓட்டியவர் குடித்திருந்தாரா, தூங்கிவிட்டாரா, தப்பு யாருடையது என்று அந்தப் பீப்பாய் கேட்பதில்லை. ஃபிட்ச் 2012இல் தன் 95ஆவது வயதில் இறந்தார். அவருடைய பீப்பாய்கள் அமெரிக்கச் சாலைகளில் இன்றும் பயன்பாட்டில் இருக்கின்றன.